முகம் அவளுடையது, கை என்னுடையது

படத்துக்கு இப்போது யாரோ இசை சேர்த்திருக்கிறார்கள். வீணை மாதிரி ஒன்று இழுக்கிறது, நடுநடுவே புல்லாங்குழல் அழுகிறது. எங்கள் பள்ளியில் வீணையும் கிடையாது, புல்லாங்குழலும் கிடையாது. ஒரு ஆர்மோனியம் இருந்தது, அதிலும் பாதிக் கட்டைகள் பேசாது. கல்லூரி விழாவுக்கென்று பழைய மாணவிகளில் உயிரோடு இருப்பவர்களைத் தேடிப் பிடித்து, முன்வரிசையில் உட்கார வைத்து, சீமையில் ஏதோ அலமாரியில் கிடந்து கிடைத்தது என்று அந்தப் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். குனிந்த தலையோடு ஒரு பெண், பிறகு அவள் கைகள். கீழே எழுத்து வந்தது: லேஸ் பின்னும் மாணவி.

மாணவி இல்லை, மாணவிகள். இரண்டு பேர். முகம் அவளுடையது, கை என்னுடையது. இதைப் பக்கத்தில் இருந்த அம்மாளிடம் சொன்னேன். எனக்கு வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு அவள் என் தோளைத் தட்டிக் கொடுத்தாள். எனக்கு வந்த கோபத்தில் அன்று கொடுத்த காப்பியைக்கூடக் குடிக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முப்பதுகளின் தொடக்கத்தில் நாகர்கோவிலில் கல்லூரியோடு சேர்ந்தாற்போல ஒரு சித்திர, கைத்தொழில் பள்ளி இருந்தது. வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் நடத்தினார், அவரை நாங்கள் மிஸ்ஸியம்மா என்போம். சித்திரம், நெசவு, பாய் முடைதல், லேஸ் என்று தனித்தனி வகுப்புகள். நான் புதுக்கடைச் சந்தையில் துணிக்கடை வைத்திருந்தவரின் மகள். படிப்பு ஏறவில்லை, கையாவது வேலை செய்யட்டும் என்று அப்பா கொண்டுவந்து விட்டார். விடுதியில் தங்கி லேஸ் பழகினேன்.

லேஸ் என்றால் இப்போது கடையில் முழம் போட்டு வாங்குவது அல்ல. மடியில் உருண்டைத் தலையணை ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும். அதன்மேல் ஓட்டை போட்ட அட்டை, ஓட்டைகளில் குண்டூசி, ஊசிகளைச் சுற்றி நூல். ஒவ்வொரு நூலின் மறுமுனையும் ஒரு சின்ன மரக்குச்சியில் சுற்றியிருக்கும். அந்தக் குச்சிகளை ஜோடி ஜோடியாக மாற்றிப் போட்டுக்கொண்டே போனால் கீழே பூவும் இலையுமாகப் பின்னல் விழும். வகுப்பு முழுக்க ஒரே நேரத்தில் குச்சி மாற்றும்போது ஓட்டுக்கூரையில் மழை பெய்கிற மாதிரி சத்தம் வரும். அந்தச் சத்தம் இல்லாமல் எனக்குத் தூக்கம் வராத நாட்கள் உண்டு.

படத்தில் முகமாக வந்தவள் என் பக்கத்து இடத்துக்காரி. வட்டக்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு கடற்கரை ஊர்க்காரி. தகப்பன் கடலில் போய்ச் சேர்ந்திருந்தார். தாய் கோட்டாற்றுச் சந்தைக்குக் கருவாடு சுமந்து விற்று அவளைப் படிக்க வைத்தாள். எங்கள் எல்லாரையும்விட அவளுக்குக் குரலும் பெரிது, சிரிப்பும் பெரிது. கடல் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய குரல் அது, வகுப்புக்குள் அடங்கவே அடங்காது. இடது கையின் சுண்டுவிரல் மட்டும் அவளுக்கு மடங்காது. சின்ன வயதில் தூண்டில் முள் ஏறிப் பழுத்து, புண் ஆறினபோது விரல் விறைத்து நின்றுவிட்டதாம். குச்சிகளை மாற்றும்போது மற்ற விரல்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருக்க அது மட்டும் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும்.

“எட்டி, யாரக் கூப்பிடுத?” என்று கேட்போம்.

“மீனக் கூப்பிடுதேன். ஒனக்கென்ன?” என்பாள்.

அந்த வருஷம் பள்ளிக்குப் பணமுடை. சீமையில் உள்ள சர்ச்சுகளில் எங்களைப் படமாகக் காட்டினால் நன்கொடை வரும் என்று மிஸ்ஸியம்மா நினைத்தார். முதலில் பாட்டு. திருவனந்தபுரத்துக்கு ஒரு கம்பெனிக்காரர் இசைத்தட்டு பதிவு செய்கிற யந்திரத்தோடு வந்திருந்தார். எங்களில் சிலரைப் பொறுக்கி அங்கே கூட்டிக்கொண்டு போனார்கள். எங்கள் பாட்டு வாத்தியார் கட்டிய பாட்டு, கைத்தொழிலின் மேன்மையைப் பற்றியது. அதன் மேன்மையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. அவளையும் கூட்டிப் போனார்கள். ஆனால் அவள் வாயைத் திறந்ததும் கம்பெனிக்காரர் காதைப் பொத்திக்கொண்டார். அவளைப் பின்வரிசைக்கும் பின்னால், கதவோரம் நிறுத்திப் பாடச் சொன்னார்கள். ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

பிறகு படம். மிஸ்ஸியம்மாவுக்குத் தெரிந்த ஒரு துரை கையில் பிடிக்கிற சின்னப் படப்பெட்டியோடு வந்து இறங்கினார். கொழும்பில் கப்பல் ஏற வேண்டும் என்று அவருக்கு ஒரே அவசரம். பள்ளிக்குள் வெளிச்சம் போதாது என்றும், பின்னால் கடலும் கோட்டையும் தெரிந்தால் சீமைக்காரர்கள் சொக்கிப் போவார்கள் என்றும் சொல்லி எங்களைத் தலையணைகளோடு வண்டியில் ஏற்றி வட்டக்கோட்டைக்குக் கொண்டு போனார். கோட்டைச் சுவரில் உட்கார்ந்து யாராவது லேஸ் பின்னுவார்களா? அங்கே அடிக்கிற காற்றில் நூல் நூலாகவா இருக்கும்? சொன்னால் கேட்கிற ஆள் இல்லை.

படத்தில் எங்கள் நிறம் கரியாகத் தெரியுமாம். அதனால் முகத்தில் வெள்ளையாக மாவு பூசினார்கள். முன்னால் உட்காருவதற்கு அவளைத் தேர்ந்தெடுத்தார்கள், காரணம் மூக்கும் கண்ணும் அவளுக்கு அத்தனை எடுப்பு. பள்ளியிலேயே தைத்த, கையில் பூவேலை செய்த ஜாக்கெட் ஒன்றை அவளுக்குப் போட்டுவிட்டார்கள். சிரிக்காதே, நிமிராதே, அடக்கமாகக் குனிந்து இரு என்று துரை சொன்னதை மிஸ்ஸியம்மா தமிழில் சொன்னார். அன்று முழுக்க அவள் வெயிலில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். முகத்தைக் கிட்டத்தில் எடுத்தார், தூரத்தில் எடுத்தார். கைகளைத் தலையணையின் மேடு மறைத்துவிட்டது. கைகளைத் தனியாக எடுக்கப் போகும்போது அவள் உடம்பு நடுங்குவதைப் பார்த்தேன். தொட்டால் அனலாய்க் கொதித்தது.

அவள் ஊர் பக்கத்தில்தான் என்பதால் அங்கிருந்தே வீட்டுக்கு அனுப்பினார்கள். பள்ளி ஜாக்கெட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, “பத்திரமா கொண்டு போ, மிஸ்ஸியம்மா என்ன ஏசுவாவ” என்றாள். மணலில் கூட்டிப்போக வந்த ஊர்க்காரர் ஒருவரின் தோளைப் பிடித்துக்கொண்டு போனாள். திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் எனக்கு நினைவிருக்கும்.

மறுநாள் துரை கைகளை எடுத்தே தீர வேண்டும் என்றார். காய்ச்சல்காரிக்காகக் கப்பல் நிற்குமா? அவள் நிறமும் என் நிறமும் ஒன்று என்று மிஸ்ஸியம்மா என்னைக் கைகாட்டினார். அந்த ஜாக்கெட்டை எனக்குப் போட்டுவிட்டார்கள். ராத்திரி முழுக்க ஆணியில் தொங்கியும் அக்குளில் ஈரம் காயவில்லை. உப்பு வாடை அடித்தது. உடம்பு கூசியது, ஆனாலும் போட்டுக்கொண்டேன். பள்ளி முற்றத்தில் அவளுடைய தலையணையை என் மடியில் வைத்து, அவள் பாதியில் விட்ட பின்னலைத் தொடரச் சொன்னார்கள். சூரியன் தலைக்கு நேரே வரும்வரை துரை காத்திருந்தார். அவருக்கு உச்சி வெயில் வேண்டும். போதாததற்கு இரண்டு பெரிய கண்ணாடிகளைச் சாய்த்து வைத்து வெயிலை என் கைமேல் குவித்தார்.

“கையை மட்டும் பார். நிமிராதே” என்றார் மிஸ்ஸியம்மா.

எனக்கு நினைவிருப்பது இவ்வளவுதான். முற்றத்தில் ஒரு காக்கைகூட இல்லை. படப்பெட்டியின் கறகற சத்தம். வழக்கமாக நாலு ஊசிக்கு ஒரு ஊசி தப்பவிட்டு ஏச்சு வாங்குகிறவள் நான். அன்று ஒன்றுகூடத் தப்பவில்லை. குச்சிகள் தாமாக வந்து கையில் விழுந்தமாதிரி இருந்தது. போதும் போதும் என்று மிஸ்ஸியம்மா என் தோளைப் பிடித்து உலுக்கின பிறகுதான் நிறுத்தினேன். படப்பெட்டி எப்போதோ நின்றுவிட்டிருந்தது.

அடுத்த நாள் காலையில் கடற்கரையிலிருந்து ஆள் வந்தது. விஷக்காய்ச்சலாம். நேற்றே போய்விட்டாளாம். அடக்கமும் முடிந்துவிட்டது. நான் அந்த ஜாக்கெட்டை மூன்று முறை துவைத்தேன்.

துரை கப்பல் ஏறிப் போனார். படச்சுருள் சீமைக்குப் போய், கழுவி, திரும்பி வர மாதக்கணக்கில் ஆயிற்று. இருந்தது அந்த ஒரே சுருள்தான். நன்கொடை திரட்ட அதை வெளியே அனுப்புவதற்கு முன்னால் பள்ளியில் ஒரு தடவை போட்டுக் காட்ட மிஸ்ஸியம்மா ஏற்பாடு செய்தார். பெற்றோர்களுக்குச் சொல்லி அனுப்பினார். அவளுடைய தாய்க்கும் தனியாக ஆள் அனுப்பினார். பிள்ளையின் படம் என்று ஒன்றும் அந்த வீட்டில் இல்லை. ஒரு தடவையாவது பார்த்துக்கொள்ளட்டும் என்பது மிஸ்ஸியம்மாவின் எண்ணம். அது நல்ல எண்ணம்தான், அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

பட்டப்பகலில், நெசவு வகுப்பின் கம்பளிகளைச் சன்னல்களில் தொங்கவிட்டுக் கூடத்தை இருட்டாக்கினார்கள். சாயம் தோய்த்த கம்பளிகள் வழியாக வெளிச்சம் சிவப்பாகக் கசிந்தது. நெருக்கிய கூட்டம், வேர்வை நாற்றம். அந்தத் தாயின் பக்கத்தில் என்னை உட்காரச் சொன்னார்கள். பக்கத்து இடத்துத் தோழி இல்லையா! தாய் சந்தைக்குப் போகிற சேலையை மாற்றிவிட்டு, கோவிலுக்குக் கட்டுகிற வெள்ளைச் சேலையில் வந்திருந்தாள். கழுத்தில் ஜெபமாலை. பிள்ளையைக் கண்ணால் பார்க்கப் போகிறோம் என்று அவள் ராத்திரி தூங்கியிருக்க மாட்டாள்.

முதலில் கிராமபோனில் எங்கள் பாட்டை வைத்தார்கள். அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். இன்னும் சாய்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“எல்லாரும் பாடுதாவ. எனக்க மவ எங்க?”

“இருக்கா மாமி. பின்னால நிக்கா” என்றேன்.

“கேக்கலியே” என்றாள். தட்டு முடிகிறவரை தேடினாள். கதவோரம் நிறுத்திவிட்டார்களே, எங்கே கேட்கும்?

பிறகு படம் ஓடியது. கோட்டைச் சுவர், கடல், ஆடுகிற தென்னை. அலை வந்து பாறையில் மோதிச் சிதறுகிறது, சத்தம் இல்லை. நாங்கள் எல்லாரும் குச்சி மாற்றுகிறோம், அதிலும் சத்தம் இல்லை. அதன்பின் என் தோழியின் முகம் திரை முழுக்க வந்தது. மாவு பூசின வெள்ளை முகம், கரிய உதடு, கீழே தாழ்ந்த கண். கூடத்தில் சிலர் உச்சுக் கொட்டினார்கள். நான் தாயின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் கையை உதறினாள்.

“இது எனக்க பிள்ள இல்ல.”

“மாமி, நல்லா பாருங்க.”

“எனக்க பிள்ள இப்பிடிக் குனிஞ்சு இருக்கவே மாட்டா. இது யாருக்க பிள்ள? எதுக்கு எனக்குக் காட்டுதிய?”

குரல் உயர்ந்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பினார்கள். அதற்குள் முகம் மறைந்து கைகள் வந்தன. வெயில் விழுந்து பளபளக்கிற இரண்டு கைகள், பூவேலை செய்த ஜாக்கெட் ஓரம், ஓடுகிற குச்சிகள்.

அவள் எழுந்து நின்றாள். அவள் நிழல் திரையில் விழுந்தது.

“எனக்க மக்களே!” என்று தன் பிள்ளையைக் கூப்பிட்டு அலறினாள். “இதாக்கும் எனக்க பிள்ள! விரலப் பாருங்க! விரலப் பாருங்க!”

நான் பார்த்தேன். இடது கையில் மற்ற விரல்கள் குச்சிகளோடு ஓட, சுண்டுவிரல் மட்டும் மடங்காமல், விறைத்து, நீட்டிக்கொண்டு நின்றது. என் கை. மணிக்கட்டில் இருக்கிற மச்சம்கூடத் தெரிந்தது. என் சுண்டுவிரல் நன்றாக மடங்கும், அதற்கு ஒரு குறையும் கிடையாது. இருட்டில் மடியில் வைத்து மடக்கிப் பார்த்தேன், மடங்கியது. திரையில் அது மடங்கவே இல்லை.

யந்திரத்தை ஓட்டியவர் கல்லூரியில் பௌதிகம் நடத்துகிற வாத்தியார். அந்த இடத்தை மறுபடி காட்டச் சொல்லி அவள் கெஞ்சினாள். அவர் விளக்கை அணைத்துச் சுருளைப் பின்னால் சுற்றியிருக்கலாம். அப்படிச் செய்யாமல், தம் யந்திரத்தின் சாமர்த்தியத்தைக் காட்டத் திரையிலேயே பின்னோக்கி ஓட்டினார். குண்டூசிகள் தலையணையிலிருந்து துள்ளி என் விரல்களுக்கு வந்தன. குச்சிகள் வந்த வழியே திரும்பிப் போயின. பின்னியிருந்த பூ ஒவ்வோர் இதழாக நூலாகிக் கொண்டு வந்தது. அப்போதும் அந்த விரல் அப்படியே நின்றது. கூடத்தில் பிள்ளைகள் சிரித்தார்கள்.

“அவுக்காத மக்களே! அவுக்காத!” என்று தாய் திரையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். சிரிப்பு நின்றுபோயிற்று. மிஸ்ஸியம்மா ஓடிப்போய்ச் சன்னல் கம்பளியை இழுத்துவிட்டார். வெளிச்சத்தில், திரையாகக் கட்டியிருந்தது வெறும் வேட்டியாகிவிட்டது.

நான் அவளைக் கிணற்றடிக்குக் கூட்டிப் போய் முகம் கழுவ வைத்தேன். பொய் சொல்லிச் சமாளிக்கிற வழக்கம் எனக்கு என்றைக்கும் கிடையாது. அதனால் பலரோடு பகை. அவள் தண்ணீர் குடித்து முடித்ததும் சொன்னேன்.

“மாமி, மொகம் ஒங்க பிள்ளைக்கதுதான். கை எனக்கதாக்கும்.”

அவள் கோபப்படுவாள், இல்லை அழுவாள் என்று நினைத்தேன். என் இடது கையை வாங்கி, சுண்டுவிரலை மடக்கிப் பார்த்தாள், நீட்டிப் பார்த்தாள். மச்சத்தைப் பார்த்தாள்.

“எப்ப எடுத்தாவ இத?”

“கோட்டைக்குப் போன மறுநாளு.”

“எந்நேரம்?”

“உச்சிக்கு.”

அவள் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்தாள்.

“உச்சிக்குத்தான் அவளுக்க மூச்சு போச்சு” என்றாள். “கண்ணு தொறக்கல. நான் கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. இங்கல்லா வந்திருக்கா. வேலைய முடிக்க ஒனக்க கிட்ட வந்திருக்கா.”

வருஷக்கணக்கில் ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து பின்னினால் அவள் பழக்கம் நமக்கும் ஒட்டும் என்று சொல்லலாம். கண்ணாடி வெயிலில் விரல் மரத்து விறைத்திருக்கும் என்றும் சொல்லலாம். இன்றுவரை இந்த இரண்டையும் நான் எனக்கே மாற்றி மாற்றிச் சொல்லி வருகிறேன். அன்று கிணற்றடியில் இரண்டில் ஒன்றும் வாயில் வரவில்லை. பிள்ளை கடைசியில் தன்னிடம் வராமல் என்னிடம் வந்துவிட்டாள் என்று அவள் முகத்தில் இருந்த வருத்தம் அப்படி.

மறுவாரம் படச்சுருள் தகரப் பெட்டியில் வெளியே போயிற்று. அதிலிருந்து ஒரு துண்டாவது வெட்டித் தரச் சொல்லி அவள் மிஸ்ஸியம்மாவிடம் கேட்டாள். இருப்பது ஒரே சுருள், வெட்ட முடியாது என்று மிஸ்ஸியம்மா மெதுவாகச் சொன்னார். அவளுக்கு மிஞ்சியது நான்தான்.

சந்தை நாட்களில் கருவாட்டுக் கூடை காலியானதும் அவள் பள்ளிக்கு வருவாள். உள்ளே வரமாட்டாள். லேஸ் வகுப்பின் சன்னலுக்கு வெளியே மரத்தடியில் உட்கார்ந்து என் இடது கையைப் பார்ப்பாள். என்னோடு பேச்சு கிடையாது. நான் நிமிர்ந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், குனிந்தால் மறுபடி பார்ப்பாள். என் முகம் அவளுக்கு வேண்டாம். தலையே இல்லாத ஒருத்தியைப் பார்க்கிற மாதிரி அவள் என்னைப் பார்த்தாள். வாசலில் காற்றோடு கருவாட்டு வாடை வந்தாலே என் விரல்கள் குளிர்ந்துவிடும்.

சுண்டுவிரலைக் கவனிக்கத் தொடங்கினேன். கவனித்தால் எந்த விரல்தான் ஒழுங்காக இருக்கும்? அது நீண்டிருக்கிறதா மடங்கியிருக்கிறதா என்று பார்ப்பதிலேயே ஊசி தப்பும், நூல் சிக்கும். சில நாள் அதைப் பக்கத்து விரலோடு சேர்த்து நூலால் கட்டிக்கொண்டு பின்னினேன். கட்டு அவிழ்ந்து கிடக்கும், யார் அவிழ்த்தது என்று தெரியாது. நான்தான் அவிழ்த்திருப்பேன், வேறு யார்? என் தோழியின் இடத்தில் புதிதாக உட்கார வந்த பெண் ஒரு வாரத்தில் வேறு இடம் கேட்டாள். ஏன் என்று மிஸ்ஸியம்மா கேட்டதற்கு, “இவ தனியாப் பின்னல” என்றாளாம். இரவு சாப்பாட்டில் என் பக்கத்துப் பலகை காலியாகக் கிடந்தது. எனக்குப் பயம். பயத்தைக் காட்டினால் கேவலம் என்று எல்லாரிடமும் எரிந்து விழுந்தேன்.

ஒரு சந்தை நாளில் பொறுக்க முடியவில்லை. தலையணையைத் தூக்கி வைத்துவிட்டு வெளியே போய் அவள் முன்னால் நின்றேன்.

“மாமி, இனி வராதியும். எனக்க கை எனக்கு வேணும்.”

அவள் என் முகத்தை அன்றுதான் சரியாகப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். சும்மாட்டுத் துணியை உதறி, கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு எழுந்து போனாள். பிறகு வரவில்லை. நான் சொன்னதில் தப்பு என்று அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. ஒரு மனுஷிக்குத் தன் கை சொந்தமாக இருக்க வேண்டாமா?

கை எனக்குத் திரும்பக் கிடைத்தது. நன்றாகவே பின்னினேன், அதே பள்ளியில் லேஸ் டீச்சராகவும் ஆனேன். படத்தைப் பார்த்த சீமைக்காரர்கள் அனுப்பிய பணத்தில் எங்கள் வகுப்புக்குப் புதிய கூரை போட்டார்கள். அந்தக் கைகள் மிகவும் அழகு என்று யாரோ எழுதியிருந்ததாக மிஸ்ஸியம்மா வாசித்துக் காட்டினார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், நான் சன்னலைப் பார்த்தேன்.

முப்பதுகள் முடிகிற சமயம், ஒரு காலையில் வகுப்பு வாசலில் கடற்கரைக்காரர் ஒருவர் வந்து நின்றார். மூக்கும் கண்ணும் பார்த்ததுமே யாரென்று தெரிந்துவிட்டது. என் தோழியின் அண்ணன்.

“அம்மைக்கு முடியல” என்றார். “இன்னைக்கோ நாளைக்கோண்ணு கிடக்கா. லேஸ் டீச்சரக் கூட்டிட்டு வாண்ணு ஒரே நிப்பு. நீங்க வந்தா வாங்க. வரலேண்ணா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

போக வேண்டாம் என்றுதான் முதலில் தோன்றியது. விடுப்புச் சொல்லிவிட்டு அவரோடு பஸ் ஏறிய பிறகும் அப்படித்தான் தோன்றிக்கொண்டிருந்தது. வட்டக்கோட்டைக்கு இந்தப் பக்கம் இறங்கி மணலில் நடந்தோம். கோட்டைச் சுவர் வெயிலில் கிடந்தது. நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

வீட்டு முற்றத்தில் பெண்கள் உட்கார்ந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் வழி விட்டார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. அவர்களுக்கெல்லாம் தெரிந்திருந்தது என்பது எனக்கு அப்போது புரிந்தது. உள்ளே அவள் பாயில் கிடந்தாள். அந்தப் பெரிய உடம்பு வற்றி ஒரு பிள்ளை உடம்பு போல ஆகியிருந்தது. அண்ணன் குனிந்து காதில் சொன்னார். விழித்திருந்தவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

“வந்துட்டாளா?”

“வந்திருக்காவ அம்மை.”

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். மாமி என்று கூப்பிட வாயெடுத்தேன்.

“பேசாத மக்களே” என்றாள், கண்ணைத் திறக்காமல். “பேசினா நீ ஆயிருவ. மொகத்தையும் எனக்குக் காட்டாத. கைய மட்டும் தா.”

ஒரு கணம் எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. இடது கையைக் கொடுத்தேன். அவள் இரண்டு கைகளாலும் வாங்கி நெஞ்சில் வைத்துக்கொண்டாள். மீன் வெட்டி, உப்பு அள்ளி, காய்த்துப்போன விரல்கள். அவை என் மணிக்கட்டிலிருந்து தடவிக்கொண்டு வந்தன. உள்ளங்கை, பெருவிரல், அடுத்தது, அடுத்தது. கடைசியில் சுண்டுவிரலுக்கு வந்தன. அது மெத்தென்று மடங்கிக் கிடந்தது. என் விரல்தானே, வேறு எப்படிக் கிடக்கும்?

அவள் விரல்கள் அங்கேயே நின்றுவிட்டன. மறுபடி ஒரு தடவை தொட்டுப் பார்த்தன. மூடிய கண்களின் ஓரத்தில் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. என் கையைப் பிடித்திருந்த பிடி மெல்லத் தளர்ந்தது. வெளியே ஜெபமாலை சொல்வது கேட்டுக்கொண்டிருந்தது.

நான் விரலை நீட்டினேன். படத்தில் அதை நீட்டியது யார் என்று எனக்குத் தெரியாது. இந்தத் தடவை நீட்டியது நான்தான். நரம்பு வலிக்கிற அளவுக்கு விறைப்பாக நீட்டினேன்.

அவள் அதை அப்படியே முழுசாகப் பற்றிக்கொண்டாள். முகம் தெளிந்துவிட்டது.

“வந்தியா?” என்று கேட்டாள்.

பேசக்கூடாது என்று சொல்லியிருந்தாள், அதனால் நான் வாயைத் திறக்கவில்லை. அவள் மூச்சு அடங்குகிறவரை விரலை மடக்காமல் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.